ஜப்பானிய ஆட்சிக்காலக் கொரியாவில் நடக்கும் கதை எழுதுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கொரியத் தொடர்களில் மனம் பறிகொடுத்து, 1910 முதல் 1945 வரையிலான கொரியாவை வைத்துக் கதை எழுத வருகிறவர்கள் தமிழில் இப்போது அதிகம். புதியவர்களின் கையெழுத்துப் பிரதிகளைப் படித்துத் திருத்தித் தருவதால் அவற்றில் பல என்னிடம் வந்து சேர்கின்றன. பெரும்பாலும் எல்லாமே ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகின்றன. கதாநாயகி முதல் பக்கத்திலேயே பிறந்துவிடுகிறாள். அவள் எந்த ஆண்டில், எந்த ஊரில், என்ன வேலை செய்து சாப்பிடுகிறாள் என்பது பாதிக் கதைக்குப் பிறகும் தெரிவதில்லை. அவளைச் சுற்றி ஜப்பானியச் சிப்பாய்கள் மட்டும் கத்திக்கொண்டே இருக்கிறார்கள்.

கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போனால் இந்தச் சிக்கல் வராது. ஒவ்வொரு படியும் அடுத்த படியில் எழுதத்தக்கதைக் குறுக்கித் தரும். அதனால்தான் வரிசை முக்கியம்.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நோட்டில் நான்கு நெடுவரிசைகள் போடுங்கள்: ஆங்கில ஆண்டு, ஜப்பானிய ஆட்சி ஆண்டு, அந்த ஆண்டில் வந்த உத்தரவு, உங்கள் பாத்திரத்தின் வயது. அரசாங்கக் காகிதம் எதிலும் 1919 என்று இருக்காது, தாய்ஷோ 8 என்றுதான் இருக்கும். 1929 என்பது ஷோவா 4, 1940 என்பது ஷோவா 15. வீட்டுப் பெரியவர்களோ சந்திர நாட்காட்டியில் நாள் பார்ப்பார்கள். வயதிலும் கவனம் வேண்டும். அன்றைய கொரியக் கணக்கில் குழந்தை பிறக்கும்போதே ஒரு வயது, அப்புறம் ஒவ்வொரு புத்தாண்டுக்கும் ஒன்று கூடும்.

இரண்டாவதாக, ஒரே ஊருக்கான அன்றைய வரைபடமும் இன்றைய வரைபடமும் வேண்டும். மூன்றாவதாக, அக்காலப் புகைப்படங்கள். தென்கொரியாவின் தேசிய வரலாற்றுத் தொகுப்பில் ஜப்பானியப் போலீஸ் வைத்திருந்த கண்காணிப்பு அட்டைகள் ஆயிரக்கணக்கில் உள்ளன, இணையத்திலும் பார்க்கலாம். நேராகவும் பக்கவாட்டிலும் எடுத்த முகங்கள், பெயர், ஊர், தொழில், குற்றம். கொரிய எழுத்தோ சீன எழுத்தோ தெரியாவிட்டாலும் மொழிபெயர்ப்புச் செயலி ஓரளவு கைகொடுக்கும். அந்த முகங்களை ஒரு மாலை முழுக்கப் பார்த்தவர்களுக்கு, அழகான உடையில் கண்ணீர் விடும் நாயகியை எழுதக் கை வராது.

## 1. முதலில் ஆண்டைப் பிடியுங்கள்

முப்பத்தைந்து ஆண்டுகளையும் ஒரே இருட்டாக எழுதுவதுதான் முதல் தவறு. மூன்று வேறு காலங்கள் உள்ளே இருக்கின்றன.

1910 ஆகஸ்டில் நாடு இணைக்கப்பட்டதிலிருந்து 1919 வரை இராணுவப் போலீஸின் ஆட்சி. பள்ளி ஆசிரியரே சீருடை போட்டு இடுப்பில் வாளோடு வகுப்புக்கு வந்த காலம். கொரியர்களுக்கு மட்டும் கசையடித் தண்டனை சட்டத்தில் இருந்தது. 1920இல்தான் அது நீங்கியது.

விடுதலை கேட்டு நாடெங்கும் மக்கள் திரண்ட 1919 மார்ச் 1 எழுச்சிக்குப் பிறகு, புதிய தலைமை ஆளுநர் சைட்டோ மகோட்டோவின் காலத்தில் முகம் மாறியது. 1920இல் கொரிய மொழி நாளிதழ்களுக்கு அனுமதி கிடைத்தது. கூடவே தணிக்கையும் வந்தது. வெட்டச் சொன்ன வரிகளின் அச்சைப் புரட்டிப் போட்டு அடித்ததால், பத்திக்கு நடுவே கறுப்புக் கட்டங்கள் அடுக்கடுக்காக விழுந்திருக்கும். செங்கல் செய்தித்தாள் என்றே அதற்குப் பெயர். 1925இல், ஆட்சியை எதிர்க்கும் இயக்கங்களை ஒடுக்கும் அமைதி காப்புச் சட்டம் வந்தது. கூட்டம் போடலாம், சங்கம் வைக்கலாம், ஆனால் பின்வரிசையில் ஒரு போலீஸ்காரர் குறிப்பெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

மூன்றாவது, 1931இல் மஞ்சூரியாவுக்குள் ஜப்பான் நுழைந்ததில் தொடங்கி 1937க்குப் பின் இறுகியது. பேரரசரின் குடிமகன் என்று பள்ளியில் உறுதிமொழி, 1938இல் கொரிய மொழி கட்டாயப் பாடம் இல்லை என்ற நிலை, 1940இல் பெயர் மாற்றம், அதே ஆண்டு ஆகஸ்டில் கொரிய நாளிதழ்கள் மூடல், பின்பு கட்டாய உழைப்பு, 1944இல் கட்டாய இராணுவச் சேவை.

இந்த மூன்றில் ஒன்றை எடுங்கள். புதியவர் என்றால் ஒரே ஆண்டு போதும். தலைமுறைக் கதைக்கு ஆசைப்படுகிறவர்கள் 1912இல் நடந்ததை 1942இலும் 1942இல் நடந்ததை 1912இலும் போட்டுவிடுகிறார்கள். இந்த வழிகாட்டி முழுக்க நான் ஒரு எடுத்துக்காட்டையே பிடித்துக்கொள்கிறேன்: பியோங்யாங், 1931, ரப்பர் செருப்பு ஆலையில் வேலை செய்யும் ஒரு பெண்.

## 2. ஊரை அன்றைய பெயரோடு நிறுத்துங்கள்

சியோல் என்று எழுதாதே என்று நான் சொல்லவில்லை. ஆனால் அரசாங்கக் காகிதத்தில் அது கொரிய உச்சரிப்பில் கியோங்சோங், ஜப்பானிய உச்சரிப்பில் கெய்ஜோ. யார் வாயில் எந்தப் பெயர் வருகிறது என்பதே அவர் எந்தப் பக்கம் என்பதைக் காட்டிவிடும். சாமியாடி மாதிரி வசனம் பேச வைக்க வேண்டியதில்லை.

அந்த நகரம் ஓர் ஓடையால் பிரிந்து கிடந்தது. சோங்யேசோன் ஓடைக்கு வடக்கே ஜோங்னோ, கொரியர்களின் கடைத்தெரு. தெற்கே நம்சான் மலையடிவாரத்தில் ஜப்பானியர் குடியிருப்பு, மின்விளக்குகள், 1930இல் திறந்த மிட்சுகோஷி அங்காடி. 1925இல் அதே மலையில் ஜப்பானியரின் மதமான ஷிண்டோவின் பெருங்கோயில். 1926இல் பழைய அரண்மனையான கியோங்போக்குங்கை மறைத்துக்கொண்டு தலைமை ஆளுநர் மாளிகை எழுந்தது. 1919இல் நடக்கும் கதையில் அந்த மாளிகையின் குவிமாடம் தெரிந்தால் வாசகர் நம்ப மாட்டார்.

பியோங்யாங்குக்கு வந்தால் வேறு கணக்கு. தேதோங் ஆறு, கிறித்தவ தேவாலயங்கள், வடக்குப் பகுதிக்கே உரிய பியோங்கான் வட்டாரப் பேச்சு, நிறைய ரப்பர் ஆலைகளும் காலுறை ஆலைகளும். அங்கே ஒரு தெருவைத் தேர்ந்து, பாத்திரம் வீட்டிலிருந்து ஆலைக்கு நடக்கும் வழியை மட்டும் வரைந்துகொள்ளுங்கள். முழு நகரமும் தேவையில்லை.

## 3. என்ன சாப்பிட்டார்கள் என்று கண்டுபிடியுங்கள்

எதிர்ப்பைப் பற்றி எழுதும் அவசரத்தில் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். தாண்டினால் கோபத்துக்குக் காரணம் இல்லாமல் போய்விடும்.

1910 முதல் 1918 வரை நில அளவை நடந்தது. கைக்குக் கை வந்த உழும் உரிமை காகிதத்தில் ஏறாததால், பல விவசாயிகள் வெறும் குத்தகைக்காரர்கள் ஆனார்கள். 1920 முதல் அரிசி உற்பத்தியைப் பெருக்கும் திட்டம். விளைந்தது, ஆனால் குன்சான் போன்ற துறைமுகங்கள் வழியாக ஜப்பானுக்குக் கப்பலேறியது. விளைவித்தவர் மஞ்சூரியாவிலிருந்து வந்த தினையைத் தின்றார். முந்தைய அறுவடை தீர்ந்து பார்லி முற்றாத வசந்தகால மாதங்களுக்குக் கொரியர்கள் வைத்த பெயர் பார்லி மேடு. ஏறிக் கடக்க வேண்டிய மேடு. அந்த மாதங்களில் பைன் மரப்பட்டையின் உட்புறத்தை உரித்து வேகவைத்துத் தின்றார்கள்.

ஆகவே உங்கள் நாயகி கிராமத்திலிருந்து ஏன் ஆலைக்கு வந்தாள் என்பதற்கு விடை இந்தப் படியில் கிடைத்துவிடும். அவள் சாப்பாட்டில் வெள்ளைச் சோறு எப்போது வருகிறது என்று தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். தினமும் வந்தால் தவறு.

## 4. ஒரே ஓர் உத்தரவை வீட்டுக்குள் நுழைய விடுங்கள்

ஆண்டும் ஊரும் சாப்பாடும் முடிவானால், அந்தக் குடும்பத்தைத் தொடும் ஓர் உத்தரவைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றுக்கு மேல் வேண்டாம். எல்லாக் கொடுமைகளையும் ஒரே குடும்பத்தின் மேல் கொட்டுகிற கதையில் எதுவும் நிற்காது.

உதாரணம் ஒன்றை நெருக்கமாகப் பார்க்கலாம். கொரிய வீட்டில் தரைக்கு அடியில் அடுப்புப் புகை ஓடித் தரையைச் சூடாக்கும். ஓண்டோல் என்பார்கள். அடுப்புக்கு மிக அருகில் இருக்கும் சூடான மூலை பெரியவர்களுக்கு உரியது. வீட்டுக்கு இன்னும் திரும்பாதவருக்கான சோற்றைப் பித்தளைக் கிண்ணத்தில் போட்டு, மூடியால் மூடி, அந்த மூலையில் மெத்தைக்கு அடியில் செருகி வைப்பார்கள். ஊரைவிட்டுப் போன மகனுக்காகவும் சில தாய்மார் தினமும் ஒரு கிண்ணம் வைத்தார்கள். இப்போது 1940களுக்கு வாருங்கள். போருக்கு உலோகம் வேண்டுமென்று வீட்டுப் பித்தளையைத் திரட்டுகிறார்கள். பூசைப் பாத்திரம், கரண்டி, கிண்ணம் எல்லாம் போகிறது. அந்த ஒரு கிண்ணத்தை ஒளித்து வைக்கலாமா வேண்டாமா என்று மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்கிற இரவு உங்கள் அத்தியாயம். சிப்பாய் யாரும் கத்தத் தேவையில்லை.

1931 பியோங்யாங் கதைக்கு உத்தரவு அரசாங்கத்துடையதுகூட அல்ல. உலகப் பொருளாதார மந்தத்தைக் காட்டிக் கூலியைக் குறைக்கிறார்கள் என்ற ஆலை அறிவிப்பு. அதைக் காக்க வந்து நிற்பது போலீஸ்.

## 5. பெயர், உறவுமுறை, விளிப்பு

தமிழில் எழுதுகிறவர்கள் மிக அதிகமாகச் சறுக்கும் படி இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

குடும்பப் பெயர் முதலில் வரும், இட்ட பெயர் அப்புறம். 1919 எழுச்சியில் கைதாகிச் சிறையில் இறந்த மாணவி யூ குவான்-சுன் என்றால், யூ குடும்பப் பெயர். இரண்டாவது முறை குறிப்பிடும்போது யூ என்று மட்டும் எழுதினால் அவள் ஊரில் பாதிப் பேரைக் குறிக்கும்.

திருமணமானாலும் கொரியப் பெண்ணின் குடும்பப் பெயர் மாறாது. கிம்மின் மனைவியைத் திருமதி கிம் என்று எழுதிவிட்டால் ஒரே சொல்லில் கதை கெட்டது. கிராமத்தில் மணமான பெண்ணைப் பிறந்த ஊரின் பெயரால் அழைப்பார்கள். அன்சோங்கிலிருந்து வந்தவள் அன்சோங்-தெக். பிள்ளை பிறந்த பின் இன்னாரின் அம்மா. அவளுக்கென்று இட்ட பெயர் பத்திரத்தில் மட்டும் இருக்கும், சில சமயம் அதுவும் இருக்காது.

அடுத்தது நம் பக்கத்துப் பழக்கம் கொண்டுவரும் ஆபத்து. மாமன் மகள், அத்தை மகன், முறைப்பெண், முறைமாப்பிள்ளை ஆகிய எதுவும் அங்கே கிடையாது. இரத்த உறவில் திருமணம் நினைத்துப் பார்க்க முடியாதது. ஒரே குடும்பப் பெயரும் ஒரே பூர்வீகமும் உள்ள இருவர் முன்பின் பார்த்ததே இல்லை என்றாலும் அன்று மணக்க முடியாது. எனவே கணவனை மாமா, அத்தான் என்று அழைக்க வைக்காதீர்கள். அண்ணன், அக்கா, தாத்தா, பாட்டி, சித்தப்பா, பெரியப்பா ஆகியவை நன்றாகவே பொருந்துகின்றன, தாராளமாகப் போடலாம். ஓப்பா என்று காதலனைக் கூப்பிடவைத்தால் இன்றைய தொடர் வாடை அடிக்கும். அண்ணனைத்தான் அப்படி அழைப்பார்கள்.

1940இல் நடக்கும் கதை என்றால் பெயரே கதைப்பொருள் ஆகிவிடும். அந்த ஆண்டு பிப்ரவரி 11 முதல் ஆகஸ்ட் 10 வரை, ஜப்பானிய முறையில் குடும்பப் பெயர் பதிய ஆறு மாத அவகாசம் தந்தார்கள். ஏறத்தாழ எண்பது சதவீதக் குடும்பங்கள் பதிந்தன. இங்கே நுணுக்கம் ஒன்று உண்டு. பதியாவிட்டால் பெயர் அப்படியே இருந்துவிடும் என்று பலர் எழுதுகிறார்கள். அப்படி இல்லை. குடும்பத் தலைவரின் பழைய பெயரே புதிய சட்டப்படி வீட்டுப் பெயராகப் பதிவாகிவிடும், மனைவியும் அந்தப் பெயருக்குள் இழுக்கப்படுவாள். பணிந்தவர்களும் தடயம் விட்டு வைத்தார்கள். கிம் என்பதற்கான சீன எழுத்து பொன்னைக் குறிப்பது. அதே எழுத்தை வைத்துக் கனேமோட்டோ, கனேயாமா என்று பதிந்தவர்கள் ஏராளம். காகிதத்தில் ஜப்பானியர், எழுத்தில் பாட்டனார் இன்னும் உட்கார்ந்திருக்கிறார். ஒரு அப்பா கிராம அலுவலகத்தின் முன் வரிசையில் நின்றபடி எந்தப் பெயரை எழுதுவது என்று யோசிக்கிற காட்சி ஒன்றே ஒரு சிறுகதைக்குப் போதும்.

## 6. யார் எந்த மொழியில் பேசுகிறார் என்று தீர்மானியுங்கள்

1930களில்கூடக் கொரியர்களில் பெரும்பாலோருக்கு ஜப்பானிய மொழி தெரியாது. கிராமத்துக் கிழவியும் ஜப்பானிய அதிகாரியும் நீண்ட வாக்குவாதம் செய்யும் காட்சி வந்தால், நடுவில் மொழிபெயர்ப்பவர் யார் என்று கேளுங்கள். பெரும்பாலும் அவர் ஒரு கொரியக் காவலர். அவர் எதை விட்டுவிட்டுச் சொல்கிறார், எதைக் கூட்டிச் சொல்கிறார் என்பதில்தான் காட்சியின் உயிர் இருக்கிறது.

தமிழில் இரண்டு மொழிகளையும் பிரித்துக் காட்ட ஓர் எளிய வழி: கொரியப் பேச்சைப் பேச்சுத்தமிழில் எழுதுங்கள், ஜப்பானியப் பேச்சை விறைப்பான எழுத்துத்தமிழில் எழுதுங்கள்.

வீட்டில்: “ராத்திரி வருவியா? கிண்ணத்தை மூடி வச்சிடவா?”

காவல் நிலையத்தில்: “உன் பெயரைக் கூறு. தந்தை பெயரைக் கூறு. எவர் சொல்லி வந்தாய்?”

பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை முதல் மொழியிலிருந்து இரண்டாவதுக்குத் தாவும்போது வாசகருக்குத் தானாகவே உறைக்கும். அப்புறம், பியோங்யாங்காரர்களுக்கு முழு நெல்லைத்தமிழோ கோவைத்தமிழோ கொடுத்துவிடாதீர்கள். படிக்கிறவர் தாமிரபரணிக்குப் போய்விடுவார். பொதுப் பேச்சுத்தமிழ் போதும்.

## 7. எதிர்ப்பின் அளவைத் தேர்ந்தெடுங்கள்

எல்லாரும் வெடிகுண்டையே எடுக்கிறார்கள். ஆன் ஜுங்-குன் 1909 அக்டோபர் 26 அன்று மஞ்சூரியாவின் ஹார்பின் ரயில் நிலையத்தில் ஜப்பானின் முன்னாள் பிரதமர் இட்டோ ஹிரோபூமியைச் சுட்டதும், 1932 ஏப்ரல் 29 அன்று யுன் போங்-கில் ஷாங்ஹாய் பூங்காவில் குண்டு வீசியதும் நடந்தவைதான். ஆனால் நடந்து முடிந்த பெரிய நிகழ்ச்சியில் உங்களால் எதையும் மாற்ற முடியாது. முடிவு வாசகருக்கு முன்பே தெரியும். புதியவருக்கு அது கடினமான களம்.

சிறிய அளவுகளைப் பாருங்கள். 1929 அக்டோபர் இறுதியில் நாஜு ரயில் நிலையத்தில் ஜப்பானிய மாணவர்கள் கொரியப் பள்ளி மாணவிகளைச் சீண்டினார்கள். அங்கே தொடங்கிய கைகலப்பு நவம்பர் 3 அன்று குவாங்ஜுவில் மாணவர் எழுச்சியாகி, நாடு முழுக்கப் பள்ளிகளுக்குப் பரவியது. 1932 தொடக்கத்தில் ஜேஜு தீவில் கடலில் மூழ்கிச் சிப்பி எடுக்கும் பெண்கள், தங்கள் சரக்குக்கு அடிமாட்டு விலை வைத்த சங்கத்தை எதிர்த்துத் தொழில்கருவிகளோடு ஊர்வலம் போனார்கள். அகராதி தொகுத்ததற்காக 1942இல் கொரிய மொழிச் சங்கத்தார் சிறைக்குப் போனார்கள். பறிபோன கையெழுத்துப் படி 1945 செப்டம்பரில் சியோல் ரயில் நிலையக் கிடங்கில் கிடைத்தது.

நம் எடுத்துக்காட்டுக்கு வருவோம். 1931 மே மாதம், பியோங்யாங்கில் பியோங்வோன் ரப்பர் ஆலையின் 49 பெண்கள் கூலிக் குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்து, உண்ணாநோன்பும் இருந்தார்கள். போலீஸ் அவர்களை ஆலையிலிருந்து வெளியேற்றியது. அவர்களில் ஒருத்தி காங் ஜூ-ரியோங். பருத்தித் துணி ஒன்றைக் கயிறாக்கி, அதைப் பிடித்து இரவோடு இரவாக உல்மில்தே என்ற பழைய மண்டபத்தின் கூரைமேல் ஏறிவிட்டாள். விடியற்காலையில் உலாவ வந்தவர்கள் அண்ணாந்து பார்க்க, மேலிருந்து பேசினாள். தங்கள் 49 பேரின் கூலி இறங்கினால் ஊரிலுள்ள எல்லா ரப்பர் தொழிலாளிகளின் கூலியும் இறங்கும் என்பதுதான் அவள் சொன்னதன் சாரம். போலீஸ் அவளை இறக்கிக் கைது செய்தது. அடுத்த ஆண்டு இறந்துபோனாள்.

இதில் கவனிக்க வேண்டியது, பியோங்யாங் ரப்பர் ஆலைகள் பலவற்றின் முதலாளிகள் கொரியர்கள். எதிரே நிற்பவர் ஜப்பானியர் என்ற எளிய கணக்கு இங்கே செல்லாது. கதைக்கு அதனால்தான் இது நல்ல களம்.

அதற்காகக் காங்கை நாயகி ஆக்காதீர்கள். உண்மை மனிதர்களின் மனதுக்குள் புகுந்து வசனம் எழுதுவது பொறுப்பான வேலை, பழகிய கைக்கே நடுங்கும். அவளைக் கூரைமேலேயே விடுங்கள். உங்கள் நாயகி கீழே நிற்கட்டும். வேலைக்குப் போக நேரமாகிறது, போனால் கருங்காலி, போகாவிட்டால் வீட்டில் தினைகூட இல்லை. மேலே பேசுகிறவளின் குரல் காற்றில் பாதிதான் கேட்கிறது. அந்தப் பாதியை வைத்து எழுதுங்கள்.

பொருள்களிலும் எதிர்ப்பு இருக்கும். 2009இல் சியோலில் ஜிங்வான்சா பௌத்தக் கோயிலைப் புதுப்பிக்கும்போது சுவருக்குள்ளிருந்து ஒரு துணிமூட்டை கிடைத்தது. 1919 காலத்துச் செய்தித்தாள்களைச் சுற்றியிருந்த அந்தத் துணி கொரியக் கொடி. அதுவும் ஜப்பானியக் கொடியின் சிவப்பு வட்டத்தின் மேலேயே மையைப் பூசித் திருத்தி வரைந்தது. ஊர்வலக் காட்சி எழுதும்போது தையற்கடையில் தைத்த பளபளப்பான கொடிகளைக் கொடுத்துவிடாமல், இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

## 8. ஜப்பானியர், கொரியக் காவலர், அப்புறம் நம் ஊர்க் கண்ணாடி

ஆட்சி முடியும் நேரத்தில் ஏறத்தாழ ஏழு லட்சம் ஜப்பானியக் குடிமக்கள் கொரியாவில் வாழ்ந்தார்கள். கடைக்காரர், ஆசிரியர், தபால்காரர், அங்கேயே பிறந்த குழந்தைகள். ஒரே ஒரு நல்ல ஜப்பானியரை வைத்துச் சமன் செய்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். அது மிகப் பழைய தந்திரம். நல்லவரோ கெட்டவரோ, அவருக்குக் கிடைக்கும் சம்பளம் அதே வேலை செய்யும் கொரியரைவிடக் கூடுதல் என்பதைக் காட்டினால் போதும்.

கொரியக் காவலரை வெறும் துரோகியாக எழுதுவதும் சோம்பல்தான். படித்தவனுக்கு வேறு வேலை என்ன இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். பதில் அவரை மன்னிக்காது, புரியவைக்கும்.

தமிழ் வாசகருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. ஜப்பான் என்றால் நமக்கு நேதாஜியும் இந்திய தேசிய இராணுவமும் நினைவுக்கு வருகின்றன. மலாயாவிலிருந்து அதில் சேர்ந்த தமிழர்கள் நிறைய. 1944இல் இம்பால் போர்முனையில் அவர்கள் ஜப்பானின் பக்கம் நின்றபோது, சீனாவில் இருந்த கொரிய விடுதலைப் படையிலிருந்து வந்த ஒரு சிறு குழு எதிர்ப்பக்கம் பிரித்தானியருடன் நின்று பிரச்சார வேலை செய்தது. இரண்டு பேருக்கும் விடுதலைதான் குறி. இன்னொன்றும் சொல்ல வேண்டும். சயாம்–பர்மா ரயில்பாதையில் மலாயாத் தமிழர்கள் ஆயிரமாயிரமாக மாண்டார்கள். அதே பாதையின் போர்க்கைதி முகாம்களில் காவலுக்கு நின்றவர்களில் பலர், ஜப்பான் வேலைக்கு எடுத்து அனுப்பிய கொரிய இளைஞர்கள். போருக்குப் பின் 148 கொரியர்கள் போர்க்குற்றவாளிகளாகத் தீர்ப்பளிக்கப்பட்டார்கள், 23 பேருக்கு மரண தண்டனை நிறைவேறியது. இதைக் கதைக்குள் கொண்டுவருவது உங்கள் விருப்பம். ஆனால் எழுதும் முன் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தால் கொரியரைக் களங்கமற்ற ஆட்டுக்குட்டியாகவும், ஜப்பானியரை நம் கூட்டாளியாகவும் பார்க்கும் இரண்டு பழக்கங்களும் போகும்.

## 9. வன்முறைக் காட்சிகளைக் கடைசியாக எழுதுங்கள்

மற்ற அத்தியாயங்கள் முடிந்த பிறகே இவற்றில் கை வையுங்கள். முதலில் எழுதினால் முழுக் கதையும் அந்தக் காட்சிக்கு ஏணியாகிவிடும்.

ஜப்பானிய இராணுவத்தின் பாலியல் அடிமைகளாக்கப்பட்ட பெண்களைப் பற்றி எழுதுவதற்கு நான் ஒரே விதி சொல்வேன்: முகாமுக்குள் கேமராவைக் கொண்டுபோகாதீர்கள். 1991 ஆகஸ்ட் 14 அன்று கிம் ஹாக்-சுன் தன் பெயரைச் சொல்லி வெளிப்படையாகப் பேசியதற்குப் பிறகு, பல பெண்களின் வாக்குமூலங்கள் பதிவாகியுள்ளன. அவற்றைப் படியுங்கள். ஆலையில் வேலை என்று ஆசை காட்டி அழைத்த ஆள், அவசர அவசரமாக மகளுக்குக் கல்யாணம் முடிக்கும் பெற்றோர், திரும்பி வந்த பின் வாய் திறக்காத பல ஆண்டுகள். எழுத வேண்டியது இவற்றில் இருக்கிறது.

சித்திரவதைக்கும் அப்படியே. சியோலின் சோடேமுன் சிறையைப் பற்றி எழுதுகிறவர் கருவிகளைப் பட்டியலிடாமல், குளிர்காலத்தில் வாசலில் நிற்கும் குடும்பத்தாரை எழுதினால் கூடுதல் பலன்.

## 10. 1945 ஆகஸ்ட் 15ஐக் கையாள்வது

வானொலியில் அறிவிப்பு வந்ததும் எல்லாரும் தெருவில் குதித்துக் கொடியாட்டுகிற காட்சி பிரதிக்குப் பிரதி வருகிறது. அன்று நண்பகல் ஒலிபரப்பான, ஜப்பானின் சரணடைவை அறிவித்த பேரரசரின் உரை அரண்மனை நடையில், இரைச்சலோடு வந்தது. பல ஜப்பானியர்களுக்கே முழுதாக விளங்கவில்லை. கொரிய வீடுகளில் வானொலியும் குறைவு. மறுநாள் 16ஆம் தேதி, அரசியல் கைதிகள் சிறையிலிருந்து வெளியே வந்தபோதுதான் சியோல் தெருக்கள் நிரம்பின. தலைமை ஆளுநர் மாளிகையில் ஜப்பானியக் கொடி செப்டம்பர் 9 வரை பறந்தது, அன்று அமெரிக்கப் படையிடம் சரணடையும் வரை. உங்கள் கதை பியோங்யாங்கில் என்றால், ஆகஸ்ட் இறுதிக்குள் வந்து இறங்குவது சோவியத் படை.

அந்த 15ஆம் தேதி மதியத்துக்கும் 16ஆம் தேதி காலைக்கும் நடுவிலுள்ள இரவில் கதையை முடிப்பவர்கள் குறைவு. யோசித்துப் பாருங்கள்.

## 11. காலப்பிழை தேடும் வாசிப்பு

கதையை ஒரு வாரம் தூங்கவிட்டு, பொருள்களை மட்டும் பார்த்துக்கொண்டு ஒருமுறை படியுங்கள். அடிக்கடி அகப்படுபவை இவை. வானொலி ஒலிபரப்பு கொரியாவில் 1927இல்தான் தொடங்கியது. ரப்பர் செருப்பு 1920களில் பரவியது. 1919 ஊர்வலத்தில் கிராமத்தார் காலில் வைக்கோல் செருப்புதான் இருக்கும். சியோலின் பெரிய செங்கல் ரயில் நிலையம் 1925. டிராம் மட்டும் 1899இலிருந்தே ஓடியது, தாராளமாக ஏற்றலாம். 1912 முதல் கடிகாரம் ஜப்பானிய நேரத்தில் ஓடியது. தேசிய கீதம் பாடுகிற காட்சி இருந்தால் இன்றைய மெட்டு வேண்டாம். ஆன் இக்-தே அதை 1935இல்தான் அமைத்தார். அதற்கு முன் ஒரு ஸ்காட்லாந்து நாட்டுப்பாடலின் மெட்டில்தான் பாடினார்கள்.

பொருள்கள் சரியானால் கொரியச் சொற்களை எண்ணுங்கள். பக்கத்துக்கு இரண்டு மூன்றுக்கு மேல் போனால், உணவகத்தின் விலைப்பட்டியல் போலாகிவிடும். செய்கையிலிருந்தே பொருள் புரிகிற சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைத் தமிழாக்கிவிடுங்கள். அடிக்குறிப்பு வேண்டாம்.

கடைசியாக, கதைக்குப் பின்னால் ஒரு பத்தி சேருங்கள்: இதில் வருகிறவர்களில் யார் உண்மையில் வாழ்ந்தவர், யார் உங்கள் கற்பனை, எந்தத் தேதியை நீங்கள் நகர்த்தினீர்கள் என்று. காங் ஜூ-ரியோங் கூரைமேல் நின்றது நிஜம், கீழே நின்றவள் கற்பனை என்று வாசகருக்குத் தெரிய வேண்டும். இந்தப் பத்தியை முன்னுரையில் போடாதீர்கள், கதை தொடங்கும் முன்பே ஆட்டத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.